கதவுக்கு வெளியே காவல்

எடைக் கருவிக்கு முதுகைக் காட்டித்தான் நதீரா எப்போதும் நிற்பாள். எண்ணை அவள் பார்க்கக் கூடாது. அது ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் மிஸ் யாப் போட்ட விதி. எண்ணைப் பார்க்கிறவர்கள் இரண்டு பேர்தான்: மிஸ் யாப், அப்புறம் நதீராவின் அம்மா மஸ்னா. பார்த்தபின் இருவருமே முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாது. மிஸ் யாப்புக்கு அது தொழில். மஸ்னாவுக்கோ கொஞ்சமும் வராத வித்தை. அடுப்பில் ஒரு தட்டு பிஸ்கட் கருகிவிட்டால் வாசலில் நிற்கிறவனுக்குக்கூட அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இருந்தாலும் மகளுக்காகப் பழகிக்கொண்டாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினாள்.

காரணம், நதீரா எண்ணைத் தேடவே மாட்டாள். கருவிமேல் ஏறி நின்றதும் அவள் கண் நேராக அம்மாவின் முகத்தில்தான் வந்து ஒட்டும்.

நோன்பு மாதம் பிறப்பதற்கு முந்தைய வாரம் பார்த்த எடை நல்ல எடை. மஸ்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். நதீராவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மிஸ் யாப் கதவைச் சாத்தினாள். மலாய் வழக்கப்படி மஸ்னாவை அவள் காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"இதே எடை பெருநாள் வரைக்கும் நிக்கணும், காக் மஸ்னா. ஏத்தறதைவிட நிக்க வெக்கிறதுதான் கஷ்டம். நின்னுடுச்சுன்னா காலேஜுக்கு நானே எழுதிக் கொடுக்கறேன், போகட்டும். இறங்கிச்சுன்னா மறுபடி வார்டுதான். போன வருஷம் அவ இதயம் இருந்த நிலைமை ஞாபகம் இருக்குல்ல?"

மறக்கக்கூடிய விஷயமா அது? மூக்கில் குழாயோடு, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாமல் கிடந்த பெண். இதயத்துடிப்பு காட்டும் இயந்திரம் நொண்டி நொண்டி நடந்தது.

"நோன்பு வருது. இவ வெக்கக் கூடாது."

"தெரியும் மிஸ். உஸ்தாத்கிட்ட கேட்டாச்சு. நோயாளிக்கு விலக்கு இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. அவ விடற நோன்புக்கு ஏழைங்களுக்கு அரிசி கொடுத்துடுவோம்."

"அப்ப சரி. வழக்கம்போல மேசையில சாப்பிடட்டும். நீங்க நோன்போட இருந்தாலும் பக்கத்துல உட்காருங்க. சும்மா ஏதாவது பேசுங்க. அதைத் தனியா அவகூட விட்டுடாதீங்க."

'அது' என்றால் நோய். அந்த நோயை மகளிடமிருந்து பிரித்துப் பார்க்க மிஸ் யாப் கற்றுக்கொடுத்த சொல். சாப்பிடாதே என்று உள்ளே இருந்து சொல்வது நதீரா இல்லை, அது. தட்டைத் தள்ளிவிடுவது நதீரா இல்லை, அது. மஸ்னாவுக்கு இது எளிதாகவே பிடிபட்டது. பேய் பிசாசுக் கதை கேட்டு வளர்ந்த பெண்தானே அவள்.

ஊருக்குச் சொன்ன பெயர் வேறு. கேஸ்ட்ரிக் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவர்கள் ஊரான மூவாரில் கேஸ்ட்ரிக் இல்லாத வீடு கிடையாது. அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. காலையிலேயே இறைச்சி சுடும் சத்தே கடையில் கூட்டம் அலைமோதும் ஊரில், பெண்பிள்ளை சாப்பிடாமல் இருப்பதே ஒரு நோய் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நோன்புக்கு முதல் நாள் மாலை மஸ்னாவின் கணவர் ஹம்தான் அந்தப் பேச்சை எடுத்தார். ஊர்த் தொழுகைக்கூடமான சூராவில் பாங்கு சொல்கிற பிலால் அவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். பயமும் அதே அளவுக்கு உண்டு.

"மார்க்கத்துல அனுமதி இருக்கு. நான் இல்லைங்கல. ஆனா ஒவ்வொருத்தனுக்கும் நின்னு விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியுமா, மஸ்னா? பாங்கு சொல்றவன் வீட்டுல பட்டப்பகல்ல சாப்பாட்டு மேசை போட்டிருக்குன்னு பேசுவாங்க."

"கேஸ்ட்ரிக்குன்னு சொல்லிக்கலாமே, அபாங்."

"கேஸ்ட்ரிக் இருக்கறவன்தான் ஊர்ல முதல் ஆளா நோன்பு வெக்கிறான். நோன்பு வெச்சா சரியாப் போயிடுதாம். உங்க அக்காவே சொல்லுவாங்களே."

மஸ்னா சரி என்று தலையாட்டினாள். அவர் சொல்லித்தான் ஒப்புக்கொண்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் மனசுக்குள்ளும் அதே பயம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அக்காவை நினைத்தாலே போதும்.

அக்கா என்றால் மாக் லோங். குடும்பத்தில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் மாக் லோங்தான். அவளுடைய சொந்தப் பெயர் அவள் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, நடுவில் அவள் கோழிகள். சலாம் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்துவிடுவாள். பதில் சலாம் சொல்வதற்குள் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்திருப்பாள். நல்ல மனசு. ஆனால் அவள் வாயில் விழுந்தது மறுநாளே ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

முதல் நோன்பன்று மத்தியானம் மஸ்னா மேசையில் தட்டு வைத்தாள். சோறு, வறுத்த கெம்போங் மீன், கொஞ்சம் கீரை, முட்டை. எதிரில் உட்கார்ந்து, விற்பதற்குச் செய்கிற பெருநாள் பிஸ்கட்டுக்கு அன்னாசிப் பூரணம் உருட்டிக்கொண்டிருந்தாள். நதீரா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். மூன்றாவது வாய்க்குக் கையை எடுத்துக்கொண்டு போகையில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

மஸ்னா யோசிக்கவே இல்லை. மகளின் முன்னாலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கி அடுப்பு அலமாரிக்குள் தள்ளிச் சாத்தினாள். ஈரத்துணியை எடுத்து நதீராவின் வாயைத் துடைத்தாள், குழந்தைக்குத் துடைப்பது போல. ஒரு வருஷமாக ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சிய அதே கை. நதீராவின் விரல்களில் சோறு அப்படியே ஒட்டியிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்! என்னாடி மீன் வாசனை? பசி நேரத்துல மனுஷிய சோதிக்கிறியா?"

"சாயங்காலத்துக்கு இப்பவே வறுத்து வெச்சிட்டேன் காக்."

மாக் லோங் நதீராவின் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். "என்ன மவளே, இன்னிக்கு நோன்பா? இல்ல லீவா?"

மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. அதைத்தான் பெண்கள் தங்களுக்குள் லீவு என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். நதீரா அம்மாவைப் பார்த்தாள். மஸ்னா கண்ணால் ஜாடை காட்டினாள்.

"நோன்புதான், மாக் லோங்."

"நல்ல பொண்ணு! கேஸ்ட்ரிக் எல்லாம் ஓடியே போயிடும் பாரு."

அவள் போனபின் மஸ்னா தட்டை வெளியே எடுத்தாள். நதீரா மேற்கொண்டு சாப்பிடவில்லை. ஆறிப்போச்சு என்றாள். மஸ்னாவும் வற்புறுத்தவில்லை. அவள் கண் இன்னும் வாசலிலேயே இருந்தது. "நாளையிலருந்து உன் ரூம்லயே சாப்பிட்டுக்க கண்ணு. உனக்கும் நிம்மதி," என்றாள்.

மறுநாளிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. வேளைக்குச் சாப்பாட்டை மூடி எடுத்துப்போய் நதீராவின் அறையில் வைப்பாள், கதவைச் சாத்துவாள். நடையில் நாற்காலியைப் போட்டு, சமையலறை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து பிஸ்கட்டுகளை டப்பாவில் அடுக்குவாள். மாக் லோங்கின் தலை தெரிந்தால் போதும், "வாங்க காக்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பாள். அது உள்ளே இருப்பவளுக்கான எச்சரிக்கை. அவள் அளவுக்குக் கண்ணும் கருத்துமாக யாரும் காவல் இருந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு குறை, பார்த்த திசை தப்பு. இப்படி ஒரு தப்பை வேறு யார் செய்வார்கள்? மூடிய கதவுக்குள் திருடன் இருக்கையில் வாசலில் வருகிற சொந்த அக்காவுக்காகக் காவல் இருந்தாள்.

தட்டு காலியாகத்தான் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும். அந்தத் தட்டைக் கழுவும்போது நோன்போடு இருந்த மஸ்னாவுக்கே வயிறு நிறைந்தது.

ஒருநாள் மிஸ் யாப் சொன்னது நினைவுக்கு வந்து, கதவைத் திறந்து உள்ளே போனாள். நதீரா கட்டிலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கொஞ்ச நேரம் உட்காரட்டா?"

"வேணாம்மா. நீ ஒண்ணுமே சாப்பிடாம உதடு காஞ்சு போய் உட்கார்ந்து என்னைப் பார்த்தா எனக்கு உள்ள இறங்க மாட்டேங்குது. போயேன், ப்ளீஸ். அங்க யாராவது வந்துடப் போறாங்க."

நியாயமாகத்தான் பட்டது. மஸ்னா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நோன்பு திறக்கும் நேரத்தில் நதீராவும் எல்லோரோடும் பாயில் உட்காருவாள். ஒரு பேரீச்சம்பழம், கொஞ்சம் கஞ்சி, தண்ணீர். ஹம்தான் கரண்டியை எடுப்பார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"அவ மத்தியானமே நல்லா சாப்பிட்டிருக்கா," என்று மஸ்னா குசுகுசுப்பாள். ஹம்தான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

நோன்பு திறந்து முடிந்ததும் மாக் லோங் வெள்ளைத் தொழுகை உடையில் முற்றத்தில் நின்று கூப்பிடுவாள். நதீராவும் அதே மாதிரி தலையிலிருந்து கால்வரை வெள்ளைத்துணி போர்த்திக்கொண்டு அவளோடு தராவீஹ் தொழுகைக்குக் கிளம்புவாள். மஸ்னாவால் போக முடியவில்லை. பிஸ்கட் ஆர்டர் கழுத்தை நெரித்தது. மகள் தொழப் போகிறாள், நாலு பேரோடு பழகுகிறாள் என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. போன வருஷம் ஆள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவளாயிற்றே. "இன்னிக்கு நோன்பா?" என்று மாக் லோங் கேட்பதும், "ஆமா, மாக் லோங்" என்று இவள் சொல்வதும் தினமும் காதில் விழும். குடும்ப மானத்துக்காகப் பிள்ளை எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

பாதி மாதத்தில் எடை பார்க்கப் போகவேண்டிய நாள் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி தூரம். நோன்போடு காரில் போய்வருவது, அடுப்பில் காத்திருக்கிற மாவு, ஹம்தானுக்கு சூராவில் வேலை. மஸ்னா போன் செய்து, பெருநாள் கழித்து வருகிறோம் என்றாள்.

"கூட உட்கார்றீங்க இல்ல?" என்றாள் மிஸ் யாப்.

"உட்கார்றேன் மிஸ். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வெக்கிறதில்ல."

இரண்டில் ஒன்றுதான் உண்மை. அதுவும் எப்பேர்ப்பட்ட உண்மை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பெருநாள் காலையில் குடும்பமே பச்சை உடுத்தியது. நோன்புக்கு முன்பே அளவு கொடுத்துத் தைத்த துணி. பாஜு குரோங் தொளதொளவென்று இருக்கிற உடுப்பு. உள்ளே யார் இருந்தாலும் மூடிவிடும். ஆனால் நதீரா பாவாடையை இடுப்பில் பிடித்தபடி வந்து ஊசி கேட்டாள்.

"இடுப்பு லூசா இருக்கும்மா."

"அந்தத் தையல்காரி எப்பவுமே இப்படித்தான். அளவு ஒண்ணு எடுப்பா, தைக்கிறது ஒண்ணு," என்று திட்டிக்கொண்டே மஸ்னா இரண்டு ஊசி குத்திவிட்டாள். குத்தும்போது விரலில் எலும்பு தட்டியது. தட்டியதை விரல் சொன்னது. மஸ்னா கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பெருநாள்.

தொழுகை முடிந்து ஹம்தான் வந்ததும் வழக்கப்படி பிள்ளை பெற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நதீரா அப்பாவின் கையை முத்தமிட்டுவிட்டு மஸ்னாவின் முன்னால் மண்டியிட்டாள். கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். கை ஈரமானது.

"எல்லாத்துக்கும் மன்னிச்சிடும்மா. தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது. இந்த மாசம் செஞ்சது எல்லாத்துக்கும்."

"மன்னிச்சிட்டேன் கண்ணு. நீயும் என்னை மன்னிச்சிடு," என்றாள் மஸ்னா. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். அழுகையும் வழக்கம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓலைக்குள் அவித்த கெத்துபாட் சோற்றுக்கட்டிகளை வெட்டப் போய்விட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. மாக் லோங் பெரிய சட்டியில் கோழி ரெண்டாங் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் பிரிந்த வாசனை கூடமெங்கும் பரவியது.

"எல்லாம் என் வீட்டுக் கோழி. இந்த மாசம் பாருங்க, அதுக்கு மட்டும் நோன்பே இல்ல! நான் போடற தீனி அதேதான், ஆனா எங்க போய் தின்னுச்சோ, ஒவ்வொண்ணும் வாத்து கணக்கா கொழுத்துக் கிடக்கு. அறுக்கறப்போ எனக்கே ஆச்சரியம்."

எல்லோரும் சிரித்தார்கள். மஸ்னாவும் சிரித்தாள். மாக் லோங் கைப்பையிலிருந்து பெருநாள் பண உறைகளை எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். கடைசியில் ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நதீராவைக் கூப்பிட்டாள்.

"இது ஸ்பெஷல். எதுக்குன்னு கேளுங்க. ஒரு நோன்பு விடல இந்தப் பொண்ணு. ஒரு தராவீஹ் விடல. ஒரு நாள்கூட லீவு இல்ல! என்னை மாதிரி கிழவிங்க முழு மாசம் வெக்கிறது ஒரு விஷயமா? குமரிப் பொண்ணு வெச்சிருக்கா பாரு. அல்லாஹ் சில பேருக்குத்தான் அப்படித் தள்ளிப்போட்டுக் கொடுப்பான். ஆளும் பாரு, மெலிஞ்சு, முகத்துல நூர் அடிக்குது!"

பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஒருத்தி தன் மகளைப் பார்த்து, "கத்துக்கடி, நீயும் இருக்கியே, பூசணிக்காய் மாதிரி," என்றாள்.

மஸ்னாவின் கையில் கத்தி நின்றது. முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது, பொய் கடைசிவரை பிடிபடவில்லையே என்று. அடுத்த மூச்சில் அந்த நிம்மதி அறுந்து விழுந்தது.

ஒரு நாள்கூட லீவு இல்லை.

போன வருஷம் நோயில் நின்றுபோன மாதவிலக்கு, நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால்தான் மறுபடி வந்திருந்தது. எடை ஏறியதால் உடம்பு திரும்புகிறது, அது நிற்காமல் வரவேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, மஸ்னா ஆஸ்பத்திரிக் கழிவறையில் போய் அழுதிருந்தாள். இந்த மாதமும் அவள் மறக்கவில்லை, ஒரு தடவை கேட்டாள். "வந்து போயிடுச்சும்மா" என்று சொன்னாள் நதீரா. லீவு நாளில் தொழக்கூடாது. வந்திருந்தால் ஒவ்வொரு இரவும் எப்படித் தொழப் போனாள்? தொழுகை விஷயத்தில் மாக் லோங்கை யாராலும் ஏமாற்ற முடியாது. அப்படியானால் வரவில்லை. மறுபடி நின்றுவிட்டது.

மகள் மாக் லோங்கிடம் சொன்னது பொய்யில்லை. இன்னிக்கு நோன்பா என்றால், ஆமாம், நோன்பு. பொய் சொன்னது அம்மாவிடம்தான்.

மஸ்னா கத்தியை வைத்துவிட்டு நதீராவின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். முற்றத்தில் வேறெங்கும் புல் இருந்தது. இந்த ஜன்னலுக்குக் கீழே மட்டும் புல் இல்லை. கோழிகள் கிளறிக் கிளறித் தரை பள்ளமாகிக் கிடந்தது. ஜன்னல் திறந்த சத்தம் கேட்டதும் மிச்சமிருந்த நாலைந்து கோழிகள் ஓடிவந்து கழுத்தை நீட்டி அவளை அண்ணாந்து பார்த்தன.

பின்னால் நதீரா வந்து நின்றாள். கையில் அந்த ஸ்பெஷல் உறை.

"எப்பலேருந்து?" என்றாள் மஸ்னா.

நதீரா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நதீரா, எப்பலேருந்து?"

"முதல்ல கொஞ்ச நாள் சாப்பிட்டேன்மா. சத்தியமா." உறையின் ஓரத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள். "அப்புறம் முடியல. கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிட்டா திருடற மாதிரி இருந்துச்சு. நீ வெளிய உட்கார்ந்து யாரும் வராம பார்த்துக்கிட்டே இருந்த. அவ்ளோ காவல் போட்டு மறைக்கிறாங்கன்னா நீ செய்யறது பாவம்தானேன்னு அது கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியலம்மா. உள்ள அதுவும் நானும்தான் இருந்தோம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேடி."

"அன்னிக்கு நீ தட்டைப் பிடுங்கினப்ப உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? வார்டுல நான் செத்துடுவேன்னு சொன்னப்பகூட நீ அவ்ளோ பயப்படல."

மஸ்னா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. கூடத்தில் விருந்தாளிகள். அந்த நினைப்பு அப்போதும் முதலில் வந்தது. அதற்காகத் தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

"காலையிலயே உன்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் நதீரா. "நீயும் மன்னிச்சிட்டேன்னு சொன்ன."

மஸ்னா எழுந்து மகளின் கையைப் பிடித்தாள். பச்சைத் துணிக்குள் கை இருப்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அபாங், காரை எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பவா? ஆளுங்க எல்லாம்..." ஹம்தான் தட்டோடு எழுந்தார்.

"ஆளுங்க இருக்கட்டும்." அவள் குரல் உயர்ந்தது. பேச்சு நின்றது. "எல்லாரும் கேட்டுக்குங்க. என் பொண்ணுக்கு கேஸ்ட்ரிக் இல்ல. சாப்பிட விடாத நோய் ஒண்ணு. போன வருஷம் சாகக் கிடந்தா. நோன்பு வெக்கக் கூடாதுன்னு டாக்டரும் சொன்னாங்க, உஸ்தாதும் சொன்னாரு. நாந்தான் உங்க வாய்க்குப் பயந்து அவளை ரூம்ல பூட்டிவெச்சு சாப்பாடு போட்டேன். அவ சாப்பிடல."

மாக் லோங் வாயைப் பிளந்தாள். "என்னாடி உளர்ற? சாப்பிடாம இருக்கறது ஒரு நோயா? நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." எழுந்து வந்து நதீராவின் சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றினாள். பார்த்தாள். சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். மாக் லோங்கின் வாய் அந்தக் கூடத்தில் அடைத்துப்போனது அன்றுதான். ஒரு டப்பா எடுத்து நாலு கெத்துபாட்டும் ரெண்டாங்கும் அள்ளிப் போட்டு மஸ்னாவின் கையில் திணித்தாள்.

"வழியில... வழியில குடுத்துப் பாரு."

அந்த டப்பாவைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று மஸ்னாவுக்குத் தெரியவில்லை. மகள் ஜன்னல் வழியாகப் போட்ட சோறு சுற்றி வளைத்து மகளிடமே வந்து சேர்ந்திருந்தது.

சாலையெங்கும் பெருநாள் கார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் ஒரு குடும்பம். ஹம்தான் அவற்றை ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரியில் மலாய்க்காரர்கள் பெரும்பாலும் விடுப்பில் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் வேலைக்கு வந்திருந்தவர்களில் மிஸ் யாப்பும் ஒருத்தி. பச்சை உடுப்பில் மூன்று பேரும் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக எடை பார்க்கும் அறைக்கு நடந்தாள்.

நதீரா எடைக் கருவிமேல் ஏறி, வழக்கம்போல் அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். கண் அம்மாவின் முகத்துக்கு வந்தது.

மஸ்னா எண்ணைப் பார்த்தாள்.

கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. அவள் முகம் உடைந்தது. உடைந்த முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் மஸ்னா அதைப் பார்த்துவிட்டாள். நதீராவின் கண்ணில் ஒரு வெளிச்சம். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் சந்தோஷம். அடுத்த நொடி அது மறைந்து, பயந்துபோன மகள் அங்கே நின்றாள். ஆனால் வந்தது வந்ததுதான். ஒரு வருஷமாகப் பெயர் மட்டும் சொல்லி வந்ததை மஸ்னா முதல்தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அது தன் மகளின் கண் வழியாகத் தன்னைப் பார்த்துச் சிரித்தது.

மறுபடி வார்டு. மறுபடி அதே இயந்திரம். இதயம் நொண்டுகிறது, இன்றிரவு தாண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். காலேஜ் பற்றி யாரும் பேசவில்லை. "கொஞ்சம் சாப்பிடலாமா?" என்று மஸ்னா கேட்டதற்கு, "கெத்துபாட் மட்டும். சின்னத் துண்டு. இப்ப ஒரேயடியாக் கொடுத்தா ஆபத்து. மெதுவா," என்றாள் மிஸ் யாப்.

மஸ்னா கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்தாள். பழக்கதோஷத்தில் அதை வாசலைப் பார்த்துத்தான் போட்டிருந்தாள். எடுத்துத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி மகளைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்தும்மா. போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

கெத்துபாட்டில் ஒரு விரல்கடை அளவு பிய்த்தாள். இன்னொரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். விடிந்ததிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. மென்றாள், விழுங்கினாள். பிறகு மகளின் வாய்க்கு நேராகக் கையை நீட்டினாள்.

"தையல்காரியைத் திட்டினேன் பாரு காலையில," என்றாள். "பாவம் அவ. சரியாத்தான் தச்சிருக்கா. போய் அவகிட்டயும் ஒரு மன்னிப்பு கேக்கணும்."

நதீரா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இயந்திரம் நொண்டி நொண்டி நடந்தது. நீட்டிய கை வலியெடுத்தது. மஸ்னா அதை மடக்கவில்லை. மாக் லோங் வீட்டு வேலி, அவள் கட்டின புதுப் பல், கருகிப்போன பிஸ்கட் என்று சும்மா வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள்.